பெரிய சோபாவைக் குறுகிய நடைவழியில் கொண்டுபோவது எப்படி?

நீங்கள் கேட்டதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வீடு மாறுகிறீர்கள். மூன்று பேர் உட்காரும் சோபா ஒன்று இருக்கிறது: நீளம் 195 செ.மீ., முன்பின் ஆழம் 90, கால்களோடு சேர்த்து உயரம் 82. புது வீட்டில் நடைவழியின் அகலம் 95 செ.மீ. அதன் பக்கச் சுவரில்தான் அறைக்கதவு. கதவைத் திறந்து வைத்தால் கிடைக்கும் இடைவெளி 76 அகலம், 203 உயரம். கூடவே 240 செ.மீ. உயரமும் 60 ஆழமும் உள்ள ஓர் அலமாரி. அறையின் கூரை 245. சோபா உள்ளே போகுமா, நிலையை உடைக்க வேண்டுமா, அலமாரி நிற்குமா என்பது கேள்வி.

சோபா போகும், எதையும் உடைக்க வேண்டாம். அலமாரிதான் சிக்கல், அதுவும் நீங்கள் நினைக்கும் இடத்தில் இல்லை. காரணங்களை விவரமாகவே எழுதுகிறேன். உங்களைப் போன்ற நிலையில் பலர் அவசரப்பட்டு நல்ல மரச்சாமானை விற்றுவிடுவதையும், நல்ல நிலைச்சட்டத்தை அறுப்பதையும் பார்த்திருக்கிறேன். இரண்டுமே மனதுக்குக் கஷ்டமான விஷயம்.

முதலில் கதவின் அகலத்தைப் பற்றிய ஒரு தவறான எண்ணம். எல்லோரும் டேப்பை எடுத்துக் கதவை அளக்கிறார்கள், சோபாவை அளக்கிறார்கள், இரண்டையும் ஒப்பிட்டு முடிவுக்கு வந்துவிடுகிறார்கள். பெரும்பாலும் பொருள் மாட்டிக்கொள்வது கதவில் இல்லை, கதவுக்கு முன்னால் இருக்கும் திருப்பத்தில். 76 செ.மீ. கதவுக்கு முன்னால் பெரிய கூடம் இருந்தால் எவ்வளவு நீளமான பொருளையும் நேராக நீட்டி உள்ளே தள்ளிவிடலாம். அதே கதவு 95 செ.மீ. நடைவழியின் ஓரத்தில் இருந்தால், நீளமான பொருள் எதிர்ச்சுவரில் இடித்து நின்றுவிடும். ஆகவே அளக்க வேண்டியது கதவையும் அதன் இருபுறமும் திரும்பக் கிடைக்கும் இடத்தையும் சேர்த்துத்தான்.

இந்தத் திருப்பத்தைக் கணிதக்காரர்கள் பல பத்தாண்டுகளாகப் போட்டு உருட்டிக்கொண்டிருக்கிறார்கள். 1966-ல் லியோ மோசர் என்ற கணித அறிஞர் ஒரு புதிர் போட்டார்: 1 மீட்டர் அகல நடைவழி செங்கோணத்தில் திரும்புகிறது, அந்தத் திருப்பத்தில் புகுந்து வரக்கூடிய மிகப் பெரிய தட்டையான வடிவம் எது? 1968-ல் ஹேமர்ஸ்லி பழைய தொலைபேசியின் கைப்பிடி போன்ற ஒரு வடிவத்தைக் காட்டினார். அதன் பரப்பு ஏறத்தாழ 2.2074 சதுர மீட்டர். 1992-ல் ஜோசப் கெர்வர் அதையே நுணுக்கமாகச் செதுக்கி 2.2195-க்குக் கொண்டுவந்தார். அதைவிடப் பெரியது இருக்கவே முடியாது என்று நிறுவும் ஆய்வுக்கட்டுரையை 2024-ல் ஜினியோன் பெக் வெளியிட்டார். புதிருக்குப் பெயரே சோபா புதிர்தான்.

வீட்டு வேலைக்கு இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது ஒன்று உண்டு. அதே திருப்பத்தில் சாதாரணச் செவ்வகத்தைத் திருப்பினால் அதன் பரப்பு 1 சதுர மீட்டரைத் தாண்டாது. நடுவில் குடைந்த வடிவம் அதைப்போல இரண்டு மடங்குக்கும் மேல் போகிறது. ஏன்? சுவரின் உள்மூலை அந்தக் குடைவுக்குள் வந்து உட்கார்ந்துகொள்கிறது. நாற்காலிக்கும் மேசைக்கும் சோபாவுக்கும் இப்படிப்பட்ட குடைவு இயல்பாகவே இருக்கிறது. அதை எந்தப் பக்கம் காட்டுவது என்று தெரிந்தால் பாதி வேலை முடிந்தது.

செவ்வகப் பெட்டிகளுக்கு ஒரு கணக்கும் சொல்லிவிடுகிறேன். நடைவழி திருப்பத்துக்கு முன்னும் பின்னும் ஒரே அகலமாக இருந்தால், அந்த அகலத்தை 2.83 ஆல் பெருக்குங்கள். வரும் எண்ணிலிருந்து பொருளின் கனத்தை, அதாவது மேலிருந்து பார்க்கும்போது தெரியும் குறுகிய பக்கத்தை, இரண்டு முறை கழியுங்கள். மிஞ்சுவதுதான் திரும்பக்கூடிய அதிகபட்ச நீளம். உங்கள் 95 செ.மீ. நடைவழியில் 70 செ.மீ. கனமுள்ள ஒரு பொருளைப் படுத்த வாக்கில் திருப்புவதாக வைத்துக்கொள்வோம். 269-லிருந்து 140 போனால் 129. உங்கள் சோபாவோ 195. படுத்த வாக்கில் திருப்பும் யோசனையை இங்கேயே விட்டுவிடலாம். இந்த ஒரு நிமிடக் கணக்கைப் போடாமல் மூன்று பேர் சேர்ந்து அரைமணி நேரம் மூச்சு வாங்குவதுதான் வழக்கமாக நடக்கிறது.

சரி, படுத்தால் போகாது. நிமிர்த்தினால்? தரையில் நீளமாகக் கிடக்கும் பொருளை ஒரு முனையில் நிறுத்திவிட்டால் அந்த நீளம் உயரமாகிவிடுகிறது. திரும்ப வேண்டிய நீளமே இல்லாமல் போகிறது. நடைவழியில் இடம் கம்மி, தலைக்கு மேல் இடம் தாராளம். அதைப் பயன்படுத்தத் தோன்றாததால்தான் பல சோபாக்கள் வெளியிலேயே கிடக்கின்றன.

உங்கள் சோபாவை எடுத்துக்கொள்வோம். முதலில் கால்களைக் கழற்றுங்கள். பெரும்பாலான சோபாக் கால்கள் ஒற்றை போல்ட்டில் திருகப்பட்டிருக்கும், கையால் இடப்பக்கமாகச் சுழற்றினாலே வந்துவிடும். கால் 12 செ.மீ. என்று வைத்துக்கொண்டால் 82 என்பது 70 ஆகிவிடும். அப்புறம் கதவையும் நிலையிலிருந்து கழற்றுங்கள். திறந்து வைத்த கதவின் கனம் இடைவெளிக்குள் நீட்டிக்கொண்டிருக்கும். கழற்றினால் 3 முதல் 4 செ.மீ. கிடைக்கும், கைப்பிடியும் வழியிலிருந்து ஒழியும். 76 இப்போது கிட்டத்தட்ட 80.

இப்போது சோபாவை ஒரு கைப்பக்கத்தின் மேல் செங்குத்தாக நிறுத்துங்கள். மேலிருந்து பார்த்தால் அது 90-க்கு 70 அளவுள்ள ஒரு வடிவம். 90 செ.மீ. பக்கம் நடைவழியின் குறுக்கே வரும்படியும், சோபாவின் முன்பக்கம் அறைக்கதவு இருக்கும் சுவரைப் பார்க்கும்படியும் வைத்து நகர்த்திக்கொண்டு போங்கள். 95-ல் 90, இறுக்கம்தான், ஆனாலும் போகும். கதவுக்கு நேரே வந்ததும் திருப்பவே வேண்டாம். அப்படியே பக்கவாட்டில் அறைக்குள் தள்ளினால் 80 செ.மீ. இடைவெளியில் 70 செ.மீ. நுழைந்துவிடும். உயரம் 195, நிலை 203. அடியில் ஒரு போர்வை போட்டு இழுத்தால் தூக்க வேண்டிய அவசியமே இல்லை, மேலே 7, 8 செ.மீ. மிச்சம் இருக்கிறது.

முன்பக்கம் முதலில் போக வேண்டும் என்று சொன்னதற்குக் காரணம், கை வைக்கும் இடம் சாய்மானத்தைவிடத் தாழ்வாக இருக்கும். அதனால் சோபாவின் முன்பக்கம் ஒடுங்கியது, பின்பக்கம் அகலமானது. ஒடுங்கிய பக்கம் முதலில் நுழைந்தால் நிலையின் மூலையில் சிக்காமல் வழி காட்டிக்கொண்டு போகும்.

எங்கே தடங்கல் வரலாம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். நீங்கள் அளந்த 95 செ.மீ. அநேகமாக இடுப்பு உயரத்தில் அளந்ததாக இருக்கும். தரையோரம் ஸ்கர்ட்டிங், அதாவது சுவரின் அடியில் ஒட்டிய பட்டை, ஓடினால் இருபுறமும் ஒவ்வொரு சென்டிமீட்டராவது குறையும். நிலையைச் சுற்றி அலங்காரச் சட்டம் அடித்திருந்தால் அது வேறு. சுவர்களும் எல்லா இடத்திலும் நேராக இருப்பதில்லை. தரையோரம், இடுப்பு, தலைக்கு மேல் என மூன்று உயரத்திலும், நடைவழியின் முழு நீளத்துக்கும் அளந்து, கிடைத்ததில் மிகச் சிறியதை எடுத்துக்கொள்ளுங்கள். சுவிட்சுப் பெட்டி, கதவு முட்டாமல் இருக்க வைத்த கட்டை, சுவர் விளக்கு, படிக்கட்டின் கைப்பிடி இவை எல்லாம் வெறும் கண்ணால் பார்க்கும்போது தெரியாது, சோபா வந்து முட்டும்போதுதான் தெரியும்.

இதற்கு நான் எப்போதும் செய்வது அட்டைப் பரிசோதனை. பழைய அட்டைப்பெட்டியைப் பிரித்து 90-க்கு 70 அளவில் ஒரு துண்டு வெட்டுங்கள். தரையில் வைத்து, நடைவழி முழுக்கக் காலால் தள்ளிக்கொண்டே அறைக்குள் போங்கள். எங்கே உரசுகிறது, எங்கே திரும்புகிறது எல்லாம் தெரிந்துவிடும். உயரத்துக்கு 195 செ.மீ. நீளமுள்ள ஒரு கம்பையோ குழாயையோ செங்குத்தாகப் பிடித்துக்கொண்டு அதே வழியில் நடந்து பாருங்கள். பத்து நிமிட வேலை. கனமான பொருளைக் கையில் வைத்துக்கொண்டு யோசிப்பதற்கும், அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு யோசிப்பதற்கும் உள்ள வித்தியாசத்தை ஒருமுறை அனுபவித்தால் பிறகு இதை விடவே மாட்டீர்கள். 90 குறுக்கே வரும்போது அட்டை சிக்கினால், 70 குறுக்கே வரும்படி திருப்பிக்கொண்டுபோய்க் கதவருகே வளைத்து நுழைக்க முடிகிறதா என்றும் அட்டையிலேயே பார்த்துவிடலாம். அப்போது அட்டையைச் செவ்வகமாக வைக்காமல், சோபாவின் பக்கவாட்டு உருவத்தைப் போலவே முன்பக்கம் தாழ்வாக வெட்டிக்கொள்ளுங்கள். நிலையின் மூலை அந்தத் தாழ்வான இடத்துக்குள் வந்துவிடும்.

இன்னொன்று, சோபாவை நிமிர்த்துவதற்கும் இடம் வேண்டும். 195 நீளத்தை 90 பக்கத்தோடு சேர்த்து நிமிர்த்தினால் நடுவழியில் அதன் மூலை 215 செ.மீ. உயரம் வரை போய்த்தான் இறங்கும். உங்கள் கூரை 245 என்பதால் கவலை இல்லை, ஆனால் விளக்கோ மின்விசிறியோ தொங்குகிறதா என்று பாருங்கள். நடைவழிக்குள் போவதற்கு முன்பே, விசாலமான இடத்திலேயே நிமிர்த்திவிடுவது நல்லது.

நிமிர்த்திய சோபாவை நகர்த்த இரண்டு பேர் போதும். ஒருவர் முன்கூட்டியே அறைக்குள் போய் நிற்க வேண்டும். சோபா கதவை அடைத்த பிறகு யாரும் உள்ளே போக முடியாது. வெளியில் இருப்பவருக்குச் சோபாவின் பின்னால் நிற்க இடம் இருக்காது, 5 செ.மீ.தான் இருக்கும். ஆகவே அவர் பக்கவாட்டில் நின்று, சோபா சாயாமல் தாங்கிக்கொள்ள வேண்டும். உள்ளே இருப்பவர் போர்வையைப் பிடித்து இழுக்க வேண்டும். ஒரு முழம் உள்ளே போய்விட்டால் பின்னால் இடம் கிடைத்துவிடும், அப்புறம் தள்ளிவிடலாம். எந்த நேரத்திலும் பேசுவது ஒருவர் மட்டுமே. இரண்டு பேரும் "இந்தப் பக்கம், அந்தப் பக்கம்" என்றால் ஒருவருக்கு இடம் மற்றவருக்கு வலம். "சுவர்ப் பக்கம்", "ஜன்னல் பக்கம்" என்று சொல்லிப் பழகுங்கள். கைகளைப் பொருளின் பக்கவாட்டில் வைக்கவே கூடாது, அடியில் வைக்க வேண்டும். நிலைக்கும் மரத்துக்கும் நடுவே விரல் மாட்டினால் நசுங்கிவிடும்.

சோபாவின் நீளம் நிலையின் உயரத்தைவிட அதிகமாக இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. 215 செ.மீ. சோபாவும் 203 நிலையுமாக இருந்தால் நேராக நிறுத்தி நுழைக்க முடியாது. மேல் முனையை முதலில் நிலைக்குக் கீழே அறைக்குள் சாய்த்து, அடிமுனையைப் பின்தொடர விட்டு, உள்ளே போன பிறகு நிமிர்த்த வேண்டும். அப்படிச் சாய்க்க வெளியில் இடம் வேண்டும். உங்கள் நடைவழியில் அது நடக்காது. நல்லவேளை உங்களுடையது 195. நீளமான சோபாக்கள் சிலவற்றில் சாய்மானம் தனியாகக் கழலும். பின்பக்கத் துணியின் அடியோரத்தை நெம்பிப் பாருங்கள், ஒட்டுப்பட்டையால் மூடியிருந்தால் அதற்குள் போல்ட்டோ, மேலே தூக்கினால் கழலும் இரும்புக் கொக்கியோ இருக்கும்.

குடைவைப் பற்றிச் சொன்னேனே, அதை நான் கற்றது ஒரு எழுத்து மேசையில். என் அக்காவின் மேசை. 140-க்கு 70 பலகை, 74 செ.மீ. உயரம், நான்கு கால்களும் பசை போட்டு இறுக்கியவை, கழலாது. அறைக்கதவு 68. நானும் அத்தானும் மேசையைப் பக்கவாட்டில் படுக்கவைத்து நேராகத் தள்ளிப் பார்த்தோம். பலகையும் கால்களும் சேர்ந்து 74, நிலைக்கு 6 செ.மீ. அதிகம். தலைகீழாக்கிப் பார்த்தோம், சாய்த்துப் பார்த்தோம். நிலையின் வண்ணம் உரிந்ததும், என் விரல் முட்டிகளில் தோல் போனதும்தான் மிச்சம். அறுத்துவிடலாம் என்ற பேச்சுகூட வந்தது. அப்போது வேறு வேலைக்கு வந்திருந்த ஒரு தச்சர் பார்த்துவிட்டு, மேசையின் நீள விளிம்பைத் தரையில் ஊன்றச் சொன்னார். பலகை சுவர் மாதிரி நிற்க, கால்கள் நான்கும் கதவைப் பார்த்துப் படுத்த வாக்கில் நீண்டிருந்தன. ஒரு பக்கத்துக் கால்கள் இரண்டை மட்டும் கதவுக்குள் விட்டார். அப்புறம் மேசையை மெதுவாகச் சுழற்றினார். நிலைச்சட்டம் இரண்டு ஜோடிக் கால்களுக்கும் நடுவே, மேசையின் வயிற்றுக்குள் வந்து உட்கார்ந்தது. பலகை வழுக்கிக்கொண்டு உள்ளே போனது. கடைசியாக மற்ற இரண்டு கால்களும் சட்டத்தைச் சுற்றிக்கொண்டு வந்து சேர்ந்தன. ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. 74 செ.மீ. மேசை 68 செ.மீ. கதவுக்குள் போனதை நின்று பார்த்தேன். அன்றிலிருந்து எந்தப் பொருளைப் பார்த்தாலும் அதன் வயிறு எங்கே என்றுதான் முதலில் தேடுகிறேன். சாப்பாட்டு மேசை, சாய்வு நாற்காலி, கை இல்லாத சோபா எல்லாவற்றுக்கும் இதே வழிதான். நாற்காலியில் சாய்மானம் முதலில் போக வேண்டும், இருக்கை அதைச் சுற்றிக்கொண்டு பின்னால் வரும்.

இனி அலமாரி. கூரை 245, அலமாரி 240, 5 செ.மீ. மிச்சம் என்று எழுதியிருக்கிறீர்கள். இங்கேதான் பலர் ஏமாந்துபோகிறார்கள். 203 செ.மீ. நிலைக்குள் 240 செ.மீ. அலமாரியை நிற்க வைத்துக் கொண்டுபோக முடியாது, எப்படியும் படுக்க வைத்தோ சாய்த்தோதான் உள்ளே கொண்டுபோவீர்கள். உள்ளே போய் நிமிர்த்தும்போது அதன் மேல்மூலை ஒரு வட்டப்பாதையில் எழும்பும். 240 உயரமும் 60 ஆழமும் உள்ள பெட்டியின் மூலைவிட்டம் 247 செ.மீ.க்கும் சற்று மேல். 240-ன் வர்க்கத்தையும் 60-ன் வர்க்கத்தையும் கூட்டி வர்க்கமூலம் எடுத்தால் வரும். கூரை 245. ஆக, நின்றால் நிற்கும், நிற்க வைக்கத்தான் முடியாது.

இதற்கு வழி உண்டு. பல அலமாரிகளின் அடியில் உள்ள பீடம் தனிச்சட்டமாக இருக்கும், வழக்கமாக 8 முதல் 10 செ.மீ. வரை. அதைக் கழற்ற முடிகிறதா பாருங்கள். 8 செ.மீ. போனால் உயரம் 232, மூலைவிட்டம் 240 ஆகிவிடும். கூரையைத் தொடாமல் நிமிர்ந்துவிடும். அப்புறம் காலியான அலமாரியை, கதவுகளையும் தட்டுகளையும் எடுத்துவிட்டு, சற்றே பின்னால் சாய்த்துப் பீடத்தைச் செருகலாம். இதற்கு மூன்று பேர் வேண்டும், அவசரப்படக் கூடாது. பீடம் கழலாத அலமாரி என்றால் பிரித்துக்கொண்டுபோய், அறைக்குள் பக்கப்பலகைகளை நிற்க வைத்தபடியே பூட்ட வேண்டும். படுக்க வைத்துப் பூட்டினால் மறுபடியும் அதே 247.

நடைவழியிலிருந்து அந்தக் கதவுக்குள் அலமாரி திரும்புமா என்பதும் பெரிய கேள்வி. படுத்த வாக்கில் 240 நீளம், 60 கனம். மேலே சொன்ன கணக்குப்படி 269-லிருந்து 120 போனால் 149. அது செங்கோணத் திருப்பத்துக்கான கணக்கு. கதவுக்கு அப்பால் அறை விரிந்து கிடப்பதால் கொஞ்சம் சலுகை கிடைக்கும், ஆனால் 149-க்கும் 240-க்கும் நடுவே உள்ள தூரத்தை அந்தச் சலுகை அடைக்காது. ஆகவே என் அபிப்பிராயத்தில் உங்கள் அலமாரியைப் பிரிப்பதே நல்லது.

பிரிப்பதில் அனுபவத்தில் தெரிந்த சில விஷயங்கள். எதையும் தொடுவதற்கு முன் போனில் நான்கைந்து படம் எடுங்கள், குறிப்பாகக் கீல் இருக்கும் இடங்களையும் மூலைகளையும். ஒவ்வொரு பலகையின் பின்னாலும் காகித டேப் ஒட்டி எண் போடுங்கள். பளபளப்பான மரத்தின் மேல் பேக்கிங் டேப்பை நேரடியாக ஒட்டாதீர்கள், உரிக்கும்போது மெருகும் கூடவே வரும். கழற்றிய திருகுகளை ஒரே டப்பாவில் கொட்டாமல், அந்தந்தப் பலகைக்கு ஒரு சிறு பையில் போட்டு எண்ணை எழுதி வையுங்கள். பின்பலகையைக் கழற்றிவிட்டால் அலமாரி கோணிக்கொள்ளும், அந்த மெல்லிய பலகைதான் முழுப் பெட்டியையும் நேராகப் பிடித்து வைத்திருக்கிறது. ஆகவே கதவுகள், தட்டுகள், இழுப்பறைகள் எல்லாம் போன பிறகு, பெட்டியைத் தரையில் படுக்க வைத்து அதைக் கழற்றுங்கள்.

பார்ட்டிகிள் போர்டு (மரத்தூளைப் பசையோடு அழுத்திச் செய்த பலகை) அலமாரிகள் அடிக்கடி பிரித்துப் பூட்டத் தாங்காது. ஒவ்வொரு தடவையும் திருகு ஓட்டை கொஞ்சம் பெரிதாகும். திருகு பிடிமானம் இல்லாமல் சுற்றினால், மரப்பசையில் தோய்த்த தீக்குச்சிகள் இரண்டு மூன்றை ஓட்டைக்குள் செருகி, காய்ந்த பிறகு நீட்டிக்கொண்டிருப்பதை வெட்டிவிட்டுத் திருகுங்கள், பிடித்துக்கொள்ளும். மின்திருப்புளியால் இறுக்காதீர்கள், கடைசி இரண்டு சுற்றாவது கையால் இருக்கட்டும்.

உங்கள் வீட்டில் படிக்கட்டு உண்டா என்று எழுதவில்லை. இருந்தால் இதையும் தெரிந்துகொள்ளுங்கள். சமதரையில் 60 கிலோ சோபாவை இரண்டு பேர் தூக்கினால் ஆளுக்கு 30 கிலோ. படிக்கட்டில் அப்படி இல்லை. சோபாவின் அடிவிளிம்பைப் பிடித்துத்தான் தூக்குகிறோம், எடையின் மையமோ கைகளுக்கு மேலே இருக்கிறது. சாய்வில் அந்த மையம் கீழே நிற்பவர் பக்கமாக நகரும். 2 மீட்டர் நீளம், மையம் கைகளைவிட 40 செ.மீ. மேலே, படிக்கட்டின் சாய்வு 35 பாகை என்று கணக்குப் போட்டால் கீழே இருப்பவருக்கு ஏறத்தாழ 38 கிலோ, மேலே இருப்பவருக்கு 22. பொருள் உயரமாக இருக்க இருக்க இந்த ஏற்றத்தாழ்வு கூடும். ஆகவே பலசாலி எப்போதும் கீழே. வயதானவரோ முதுகுவலிக்காரரோ கீழே நிற்கவே கூடாது. படி திரும்பும் மேடையில் பொருளை இறக்கி வைத்து, மூச்சு வாங்கி, அடுத்த திருப்பத்தை யோசித்துவிட்டு மறுபடி தூக்குங்கள். கைப்பிடி கழலக்கூடியதாக இருந்தால் கழற்றிவிடுங்கள், அது எடுத்துக்கொள்ளும் இடம் கொஞ்சநஞ்சமல்ல. கைப்பிடிக்கு மேலாகத் தூக்கிக்கொண்டு போகும் யோசனை வந்தால், கூடுதலாக இன்னொரு ஆள் இல்லாமல் செய்யாதீர்கள்.

லிஃப்டில் கொண்டுபோவதாக இருந்தால் உள்ளறையின் மூலைவிட்டத்தை அளந்துகொள்ளுங்கள், தரை மூலையிலிருந்து எதிர் மேல்மூலை வரை. நேராக நிற்காத பொருள் சாய்வாக நிற்கும். லிஃப்ட் கதவின் உயரம் உள்ளறையைவிடக் குறைவாக இருக்கும் என்பதையும் மறக்காதீர்கள்.

மெத்தை விஷயத்தில் பஞ்சு அல்லது நுரை மெத்தையை வளைக்கலாம். ஸ்பிரிங் மெத்தையை மடக்கக் கூடாது, ஓரத்தில் ஓடும் கம்பி ஒருமுறை வளைந்தால் பழைய நிலைக்கு வராது. நிமிர்த்திய வாக்கில் லேசாகச் சாய்த்துக் கொண்டுபோங்கள்.

எல்லாம் செய்தும் ஒரு சென்டிமீட்டர் பற்றாக்குறை என்றால் நிலையை உடைப்பதற்கு முன் இரண்டு இடங்களைப் பாருங்கள். ஒன்று, நிலையின் உட்புறம் கதவு வந்து முட்டி நிற்கும் மெல்லிய பட்டை. தனியாக ஆணி அடித்த பட்டையாக இருந்தால், ஒரு தகட்டை நுழைத்து மெல்ல நெம்பினால் முழுசாக வந்துவிடும். இருபுறமும் எடுத்தால் 2 செ.மீ. வரைகூடக் கிடைக்கும், பிறகு அதே ஆணி ஓட்டையில் திரும்ப அடித்துவிடலாம். இரண்டு, பொருளின் மெத்தைப் பகுதி. நுரை அமுங்கும். சோபாவை அகலப்பட்டையால் இறுக்கிக் கட்டினால் ஓரிரு சென்டிமீட்டர் குறையும். சட்டம் முட்டுகிறதா நுரை முட்டுகிறதா என்று கையால் அழுத்திப் பார்த்துத் தெரிந்துகொள்ளுங்கள். சட்டம் முட்டும்போது தோளால் இடித்துத் தள்ளுவது வேண்டாம். உள்ளே மரக்கட்டை விரிசல் விடுவது வெளியே தெரியாது, ஆறு மாதம் கழித்து உட்காரும்போதுதான் தெரியும்.

ஜன்னல் வழியாகவோ பால்கனி வழியாகவோ ஏற்றுவது தரைத்தளத்தில் சுலபம், தயங்காமல் செய்யலாம். பல வீடுகளில் ஜன்னல் சட்டத்தைக் கழற்றினால் கதவைவிட அகலமான வழி கிடைக்கும். மேல்தளம் என்றால் கயிறு கட்டி இழுக்கும் வேலையை நீங்களும் நண்பர்களும் சேர்ந்து செய்யாதீர்கள். அதற்கான கருவியும் பழக்கமும் உள்ளவர்களைக் கூப்பிடுங்கள். கீழே ஒருவர் தலைநிமிர்ந்து பார்த்துக்கொண்டிருப்பார், கயிறு நழுவினால் அவருக்கு விலகக்கூட நேரம் இருக்காது.

கடைசியாகக் கதவைக் கழற்றும் முறை. கீலின் நடுவே ஓடும் ஊசி கழலும் வகையாக இருந்தால், கீழிருந்து ஓர் ஆணியை வைத்துச் சுத்தியலால் மேல்நோக்கித் தட்டினால் வந்துவிடும். கதவை மூடிய நிலையிலோ, அடியில் கட்டை கொடுத்துத் தாங்கிய நிலையிலோ செய்யுங்கள். முதலில் அடிக் கீல், பிறகு நடு, கடைசியில்தான் மேல் கீல். மேல் கீலை முதலில் எடுத்தால் கதவு உங்கள் மேல் சாயும். ஊசி கழலாத வகை என்றால் நிலைப்பக்கம் உள்ள திருகுகளை எடுங்கள், வரிசை அதேதான். நிலையில் நிற்கும் கீல் தகடுகளின் மேல் மடித்த துணியைச் சுற்றிக் கட்டிவிடுங்கள், சோபாத் துணியைக் கிழிப்பவை பெரும்பாலும் அவைதான். நிலையின் இரு விளிம்புகளிலும் அட்டையை மடித்து ஒட்டிவிடுங்கள். சோபா உள்ளே போன பிறகு கதவைத் திரும்ப மாட்டும்போது வரிசை தலைகீழ்: முதலில் மேல் கீலின் ஊசியைப் பாதி மட்டும் இறக்குங்கள், கதவு தொங்கட்டும். அடியில் கொடுத்த கட்டையால் உயரத்தைச் சரிசெய்து மற்ற இரண்டையும் செருகுங்கள். மூன்றும் பொருந்தி, கதவு ஒருமுறை தடையில்லாமல் மூடித் திறந்த பிறகு ஊசிகளை முழுக்க இறக்கிவிடுங்கள்.